ஆறு செடி, ஒரு ஆச்சி, கொஞ்சம் கரிசல்

கோவில்பட்டிக்கு மாற்றல் என்று ஆர்டர் வந்த அன்று, சென்னை ஆபீஸில் எல்லோரும் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள்.

''தண்ணி கிடையாதாமே?'' என்றார் ஒருவர். ''வெயில் மண்டையைப் பிளக்குமாம்'' என்றார் இன்னொருவர். ''கடலைமிட்டாய் மட்டும் மறக்காம அனுப்புப்பா'' என்று மூன்றாமவர் காரியத்தில் கண்ணாக இருந்தார்.

2023 ஜூலை. எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். சாத்தூரில் முழித்துக்கொண்டால்தான் கோவில்பட்டியில் இறங்கலாம். அசந்தால் திருநெல்வேலியில் அல்வா கொடுத்துவிடும். நான் மதுரையிலிருந்தே முழித்துக்கொண்டு வந்து, விடிகிற நேரத்துக்கு இறங்கினேன். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் முதல் டீ. காற்று சும்மா ஆளைத் தள்ளிக்கொண்டு போனது. ஆடிக்காற்று!

தெருக்கோடியில் ஒரு போர்ஷன் கிடைத்தது. வீட்டுக்கார ஆச்சிக்கு எழுபது வயசுக்கு மேல். வாசல் பக்கம் ஆச்சி, பின்பக்கம் நான். எனக்குப் பின்னால் பத்தடிக்குப் பதினைந்தடி வெறும் மண். சென்னையில் அந்த அளவு இடத்தில் இரண்டு குடும்பத்தைக் குடிவைத்து அட்வான்ஸும் வாங்கியிருப்பார்கள்.

மண் கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. என் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், காவிரிக் கரை. எங்கள் ஊர் வண்டல் மண்ணில் மணல் கலந்திருக்கும். ஒரு குடம் ஊற்றினால் மடமடவென்று குடித்துவிட்டு 'இன்னொண்ணு' என்று கேட்கும். இந்த மண்ணோ வெடித்து, வாய் பிளந்து கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் என் பேனா விழுந்தது. எட்டிப் பார்த்தேன். காணோம்! இன்று வரை காணோம்.

அந்த ஜூலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அரசாங்கமே ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. நான் சாப்பிட்ட மெஸ்ஸில் தக்காளிச் சட்னி தலைமறைவானது. ரசத்தில் தக்காளிக்குப் பதில் அதன் நினைவு மட்டும் மிதந்தது. பிரம்மச்சாரி சமையலில் தக்காளியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உப்பும் அரிசியும்தான். பார்த்தேன்... பின்வாசலில் அவ்வளவு மண் சும்மா கிடக்கிறதே, நாமே போட்டால் என்ன?

சந்தையில் நாற்று வாங்கி வந்து ஆறு செடி நட்டேன். காலையில் ஒரு வாளி, சாயந்திரம் ஒரு வாளி. வாளி 15 லிட்டர். காவிரிக்காரன் கை, தாராளம்! இருபது நாள் கழித்து ஒரு செடி தலை தொங்கியது. 'பாவம், தாகம்' என்று கூட ஒரு செம்பு ஊற்றினேன். மறுநாள் இரண்டு செடி தொங்கின. மேலும் ஊற்றினேன். இருபத்தைந்தாம் நாள் ஆறும் சேர்ந்து தொங்க, ஆச்சி பின்வாசலில் வந்து நின்றார்.

''ஏய்யா, எதுக்கு இந்தத் தண்ணிய ஊத்துத? அது செடியா, எருமை மாடா?''

''வாடிப்போச்சு ஆச்சி, அதான்...''

''வாடல. அவிஞ்சு போச்சு.''

ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். வேர் பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது. கரிசல் மண் களிமண் ஜாதி. தண்ணீர் பட்டால் ஊதும்; ஊதினால் மண்ணுக்குள் இருக்கிற காற்றுச் சந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும். வேருக்கும் மூச்சு விட வேண்டும் சார்! மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. மேலே இலை வாடும். தாகத்தில் சாகிற செடியும், தண்ணீரில் மூழ்கிச் சாகிற செடியும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். நான் வைத்தியம் என்று செய்தது கொலை.

ஆச்சி அத்தோடு விடவில்லை. ''இந்தத் தொட்டித் தண்ணி எங்கிருந்து வருது, தெரியுமா?'' என்றார். தெரியாது. தாமிரபரணியில், சீவலப்பேரியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிற தண்ணீர். தெருவுக்கு முறை வைத்துத்தான் வரும். முறைநாளில் ஆச்சி வீட்டில் குடம், அண்டா, குத்துப்போணி எல்லாம் வரிசை கட்டி நிற்கும். நான் தினம் இரண்டு வாளி மொண்டு ஊற்றியது அந்தத் தொட்டியிலிருந்து. சின்ன வயசில் ஊருணிக்கு இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாக நடந்த மனுஷி அவர். இருபத்தைந்து நாள் என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

''ஐப்பசி வரட்டும்'' என்றார். ''அதுவரைக்கும் மண்ணைப் பாரு.''

மண்ணைப் பார் என்றால்? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். திருநெல்வேலி சாலையில் கயத்தாறு போகிற வழி. இரண்டு பக்கமும் கறுப்பு. உழுதுபோட்ட காடு கண்ணுக்கு எட்டிய மட்டும் விதைக்காமல் மழைக்குக் காத்துக் கிடந்தது. நடுநடுவே வேலிக்கருவை. தூரத்தில் காற்றாலைகள். 'காடு' என்றால் இங்கே யானை, புலி இருக்கிற காடு இல்லை, மானாவாரி நிலம். அதே மாதிரி 'சம்சாரி' என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி கல்யாணம் ஆன ஆசாமி இல்லை, விவசாயி! ஆபீஸில் ஒருவர் ''நான் சம்சாரி சார்'' என்றபோது, ''எத்தனை குழந்தைங்க?'' என்று கேட்டு மாட்டிக்கொண்டேன்.

இடைசெவலில் இறங்கினேன். சின்ன ஊர். இந்த ஒரு ஊரிலிருந்தே கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்று சாகித்ய அகாதமி விருதுக்காரர்கள் இரண்டு பேர். 2021-ல் காலமான கி.ரா.வுக்குக் கோவில்பட்டியிலேயே மணிமண்டபம் இருக்கிறது. பேனாவைப் பிடிப்பதற்கு முன்னால் மண்ணைக் கொத்தியவர் அவர். இந்தப் பக்கத்துப் பேச்சுக்கென்றே ஒரு சொல்லகராதி போட்டிருக்கிறார். ஆச்சி என்னைச் சொன்னதில் பாதி வார்த்தைக்கு அர்த்தம் தேட, நானும் ஒன்று வாங்கிவிட்டேன். (தேடிப் பார்த்ததில் அவ்வளவும் திட்டு இல்லை, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.)

கோவில்பட்டியிலேயே இன்னொரு பெரிய மனுஷரும் உண்டு. 1901-ல் ஆரம்பித்த வேளாண் ஆராய்ச்சி நிலையம். நூற்று இருபது வருஷத்துக்கு மேலாக, வானத்தை நம்பி இந்த மண்ணில் பருத்தி, சோளம், பயறு எப்படி விளையவைப்பது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே வருஷ மழை எழுநூறு மில்லிமீட்டர் சொச்சம்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி மாதங்களுக்கு மண்தான் வங்கி. கரிசல் தண்ணீரை லேசில் விடாது. ஆழத்தில் பிடித்து வைத்துக்கொண்டு சன்னம் சன்னமாகக் கொடுக்கும். அந்த வங்கியில்தான் நான் தினம் இரண்டு வாளி டெபாசிட் செய்து, வங்கியையே மூழ்கடித்திருக்கிறேன்.

இந்தத் தடவை விதையை விசாரித்து வாங்கினேன். பி.கே.எம்.-1. பி.கே.எம். என்றால் பெரியகுளம். அங்கே இருக்கிற தோட்டக்கலைக் கல்லூரிக்காரர்கள், 'அன்னஞ்சி' என்கிற உள்ளூர் ரகத்தைச் சடுதி மாற்றம் செய்து எடுத்த ரகம். தட்டையாக, உருண்டையாக, தோள்பட்டையில் மட்டும் பச்சை தீற்றினாற்போலக் காய்க்கும். கடை ஆப்பிள் மாதிரி பளபளப்பெல்லாம் கிடையாது. ஆனால் புளிப்பு உண்டு. தக்காளிக்கு அதுதானே சார் லட்சணம்!

தக்காளியே வந்தேறிதான். பூர்வீகம் தென் அமெரிக்கா, கப்பலேறி வந்தது. நம் பெரியவர்கள் அதனால்தான் 'சீமைத் தக்காளி' என்றார்கள். நமக்கென்று இருந்தது மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும். அமெரிக்காவில் இது காயா, பழமா என்று வழக்கே நடந்து, 1893-ல் அவர்கள் சுப்ரீம் கோர்ட்டு 'காய்தான், வரியைக் கட்டு' என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆச்சியிடம் சொன்னேன். ''பச்சையா இருந்தா காய், சிவந்தா பழம். இதுக்கு ஒரு கோர்ட்டா?'' என்றார். எட்டு வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஐப்பசியில் மழை விழுந்தது. கரிசலில் மழை என்றால் செருப்போடு நடக்க முடியாது. பத்தடி நடந்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ மண். நாற்றை மேடு கட்டி நட்டேன். ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. செடிகள் ஜம்மென்று எழும்பின. மார்கழி பிறக்கும்போது மஞ்சள் பூ.

அப்புறம் வந்தது 2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையே தண்ணீரில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கோவில்பட்டியில் ஒரு வருஷ மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. என் பின்வாசலில் முட்டளவு தண்ணீர். வடிந்தபோது மேடும் இல்லை, செடியும் இல்லை.

நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். எங்கள் அலுவலக உதவியாளர் அண்ணாச்சிக்கு விளாத்திகுளம் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி. உளுந்து போட்டிருந்தார். ''என் தக்காளி போச்சு அண்ணாச்சி, ஆறும் போச்சு'' என்றேன். ''அப்படியா சார், அடடா'' என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ''நமக்கும் மூணு ஏக்கரும் முங்கிட்டு சார்'' என்றார். அவ்வளவுதான். அடுத்த மேஜைக்கு டீ கொடுக்கப் போய்விட்டார்.

விதை, உழவு, களைக்கூலி, வாங்கிய கடன் எல்லாம் தண்ணீருக்குள். நான் போய் ஆறு செடிக்கு அவரிடம் அனுதாபம் கேட்டிருக்கிறேன்! அன்றைக்கு டீ எனக்கு இறங்கவில்லை.

''திரும்பப் போடு'' என்றார் ஆச்சி. ''இங்க ஒரு மழைக்குப் பயந்தவன் எவனும் ரெண்டாந்தரம் விதைச்சிருக்க மாட்டான்.''

மூன்றாவது ஆட்டம். சிரட்டையில் மண் நிரப்பி விதை போட்டேன். தை மாதம் பத்து தேதிக்கு மேல் நாற்று தயார். ஆனால் இனி மழை கிடையாது, கோடை வரப்போகிறது. இப்போது என்ன செய்வது?

ஆச்சி பரணிலிருந்து மூன்று பழைய மண்பானையை இறக்கினார். ஒவ்வொன்றும் ஐந்து லிட்டர் பிடிக்கும். இரண்டு செடிக்கு நடுவில் ஒரு பானையைக் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை ஓட்டால் மூடச் சொன்னார். பானை கசியும், மண் வறண்டால் கூடக் கசியும், ஈரமாக இருந்தால் குறையக் கசியும். வேர் பானையைத் தேடி வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும். மேலே காய்ந்த மண், கீழே ஈரம். களை முளைக்க வழியில்லை.

செடியைச் சுற்றி மூடாக்குக்கு என்ன தெரியுமா? கடலைத் தொலி! கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியதை எல்லோரும் கொண்டாடினார்கள்; தொலியை யார் கண்டுகொண்டார்கள்? ஒரு சாக்குத் தொலி பரப்பியதும் வெயில் மண்ணைத் தொட முடியவில்லை. செடி சாயாமல் இருக்கப் பருத்திமார் ஊன்றினேன். ஓரத்தில் நாலு கேந்திப்பூச் செடி. காய்ப்புழுத் தாய் அந்தூச்சி தக்காளியை விட்டுவிட்டுக் கேந்தியில் முட்டையிடப் போகும் என்று வேளாண்மைக்காரர்களே சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் போனது. ஆச்சிக்குச் சாமிக்குப் போடப் பூவும் ஆச்சு.

மூன்று நாளைக்கு ஒருமுறை பானை நிரப்ப வேண்டும். அவ்வளவுதான். எனக்குத்தான் கை அரித்தது. பிப்ரவரியில் ஒரு மத்தியானம் இலைகள் லேசாகச் சுருண்டதும் செம்பைத் தூக்கிவிட்டேன். ''சாயங்காலம் வரை பொறு'' என்றார் ஆச்சி. ஆறு மணிக்கு இலைகள் தானாகவே நிமிர்ந்தன. வெயிலுக்குச் செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற வேலை அது. சந்தேகம் வந்தால் ஒரு ஜாண் ஆழத்து மண்ணை எடுத்து உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டை பிடித்தால் தண்ணீர் வேண்டாம்.

இடையில் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டேன். ஆச்சிக்கும் காய்ச்சல். பானை காய்ந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் நாலைந்து காயின் அடியில் கறுப்பாக அழுகல். பூச்சி இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. கரிசலிலா சுண்ணாம்புக்குப் பஞ்சம்? தோண்டினால் சுக்கான் கல்லே கிடைக்கும்! ஆனால் அதைக் காய்வரைக்கும் தூக்கிப் போவது தண்ணீர்தான். அது விட்டுவிட்டு வந்தால் சுமை பாதி வழியில் நின்றுவிடும். கூடுதலாகவும் வேண்டாம், இல்லாமலும் வேண்டாம், ஒரே சீராக வேண்டும். மாசச் சம்பளக்காரர்களுக்கு இது சொல்லியா தெரிய வேண்டும்?

பங்குனியில் முதல் காய் முனையில் இளஞ்சிவப்பு விழுந்தது. செடியிலேயே பழுக்கட்டும் என்று காத்திருந்தேன். மறுபடி குட்டு! ''பறிச்சு உள்ள வையி. வெயில்ல சிவக்காது.'' உண்மைதான். முப்பது டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் தக்காளியின் சிவப்பு நிறம் சரியாக ஊறாது. மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். நிறம் கண்டதும் காம்பைத் திருகிப் பறித்து, நிழலில் சாக்கின் மேல் ஒற்றை வரிசையாக வைத்தால் மூன்றாம் நாள் ரத்தச் சிவப்பு. பழுக்க வெயில் தேவையில்லை. ஃபிரிஜ்ஜும் கூடாது, குளிரில் மணம் செத்துவிடும்.

சித்திரை வெயில் 35 டிகிரியைத் தாண்டியதும் புதுப் பூவெல்லாம் உதிர்ந்தது. ஆட்டம் முடிந்தது. மொத்தம் 9 கிலோ!

ஆபீஸ் புத்தி, கணக்குப் போட்டேன். முதல் தடவை: தினம் 30 லிட்டர், 25 நாள், 750 லிட்டர். விளைச்சல் பூஜ்யம். மூன்றாம் தடவை: மூன்று நாளைக்கு 15 லிட்டர், 75 நாள், 375 லிட்டர். சரியாகப் பாதி. விளைச்சல் 9 கிலோ. பெருமை தாங்காமல் ஆச்சியிடம் காட்டினேன்.

''இன்னிக்குச் சந்தையில என்ன விலை?''

விசாரித்தேன். கிலோ இருபது ரூபாய். அப்படியானால் ஒன்பது மாதம், மூன்று தடவை நட்டு, நான் சம்பாதித்தது 180 ரூபாய்.

''உனக்குச் சம்பளம் வருது. சம்சாரிக்கு?''

பதில் தெரியவில்லை. விலை நூறைத் தாண்டினால் நாமெல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்து புலம்புகிறோம். பத்துக்கு வந்தால் பறிகூலிக்கும் கட்டாது என்று காட்டிலேயே விட்டுவிடுகிறவனைப் பற்றி, புலம்பக்கூட நமக்குத் தோன்றுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போதெல்லாம் சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசினால் வாய் குழறுகிறது. மூன்று கிலோவைப் பையில் போட்டு அண்ணாச்சியிடம் கொடுத்தேன். ''எதுக்கு சார்...'' என்றவர், வாங்கிக்கொண்டு, ''ஆவணி, புரட்டாசியில நமக்கும் விதைக்கணும்'' என்றார். மறுபடியும்!

கடைசிப் பழங்கள் நாலைப் பிழிந்து, விதையை ஒரு நாள் ஊறவைத்து அலசி, சாம்பலில் புரட்டிக் காயவைத்தார் ஆச்சி. இது ஒட்டுரகம் இல்லை. விதை எடுத்துப் போட்டால் அதே குணத்தோடு முளைக்கும். ஒரு பொட்டலம் எனக்கு, ஒரு பொட்டலம் கும்பகோணத்தில் அம்மாவுக்கு.

போன மாதம் அம்மா போனில் பேசினாள். ''நீ கொடுத்த விதை நல்லாத்தான்டா முளைச்சுது. இப்ப என்னமோ நாலு நாளா வாடுது. நானும் காலையிலும் சாயங்காலமும் ஒரு வாளி விடாம ஊத்தறேன்...''

என்னையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது: ''அம்மா, அது செடியா, எருமை மாடா?''

பின்னால் ஆச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது.